சங்குப்பிட்டிப் பாலத்துக்குக் கீழே மடிக்கிற பாய்மரம்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பூநகரிப் பக்கம் பாய்ப்படகு வாடகைக்குத் தேடுகிற ஆட்கள் முதலில் கேட்பது எத்தனை பேர் ஏறலாம், எஞ்சின் எத்தனை குதிரைவலு என்றுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது பாய்மரத்தின் அடியை. அங்கே மரத்தை மடிக்கப் பிணைச்சல் இருக்கிறதா, இல்லை மரத்தை அப்படியே தளத்தோடு இறுக்கியிருக்கிறார்களா? யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் ஓடப்போகிற படகென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் சங்குப்பிட்டிப் பாலம். 2011 ஜனவரியில் திறந்தார்கள், நீளம் 288 மீற்றர். அதற்கு முதல் அந்த இடத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போனோம். பாலம் வந்தபிறகு மன்னாரிலிருந்து ஏ32 வீதியால் வருகிறவர் ஆனையிறவைச் சுற்றாமல் யாழ்ப்பாணம் போகிறார். சனத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிளாலிப் பக்கத்து நீரிலிருந்து கௌதாரிமுனைப் பக்கம் இறங்கி, பாக்குநீரிணைக்குள் போய் இரணைதீவைப் பார்க்க வேண்டுமென்றால், பாய்ப்படகு அந்தப் பாலத்துக்குக் கீழால்தான் போகவேண்டும்.

நான் பருவத்துக்குப் பருவம் எடுப்பது 22 அடி ஃபைபர் பாய்ப்படகு. அலுமினியப் பாய்மரம், அடியில் பிணைச்சல், பின்னுக்கு ஒரு சின்ன வெளி எஞ்சின், தூக்கி இறக்கக்கூடிய அடித்தகடு. நீரேரியின் பெரும்பகுதி ஆழமில்லாதது என்பதால் அந்தத் தகடும் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு போவதற்காகத்தான் எடுக்கத் தொடங்கினேன். இப்போது அவர்கள் வராத வருடமும் எடுக்கிறேன்.

வாடகைக் கடதாசியில் மரத்தின் உயரம் 8.4 மீற்றர் என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்து வைக்க முதலே அளந்தேன். பெரிய வேலை இல்லை. பாய் ஏற்றுகிற கயிற்றில் மேசன் ரேப்பின் நுனியைக் கட்டி உச்சிவரைக்கும் இழுக்கவேண்டும். உச்சியிலிருந்து தளம் வரைக்கும் ஒரு அளவு, தளத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும் இன்னொரு அளவு. இரண்டையும் கூட்டினால் கடதாசியில் உள்ளது சரியாகத்தான் வந்தது. ஆனால் உச்சிக்கு மேலே வி.எச்.எஃப். வானொலியின் கம்பி ஒன்று நிற்கிறது. அது மட்டும் கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றர். அதோடு சேர்த்தால் 9.3 மீற்றர். பாலத்தில் முதலில் படப்போவது அந்தக் கம்பி. அதைக் கடதாசி எழுதினவர் கணக்கில் எடுக்கவே இல்லை. இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை, பல நாடுகளிலும் வாடகைப் படகின் விபரத்தாளில் மரத்தின் உயரம் மட்டும் இருக்கும், கம்பியும் காற்றுக்காட்டியும் இருக்காது. இன்னொன்று, அளக்கும்போது படகு வெறுமையாக இருக்கவேண்டும். ஆட்களும் தண்ணீர்க் கானும் எண்ணெயும் ஏறினால் படகு தாழும். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறபோது கொஞ்சம் உயர்ந்து நிற்கும். பெரிய இலக்கத்தைத்தான் எழுதிவைக்கவேண்டும். நான் சுக்கானுக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் 9.3 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பாலத்தின் பக்கத்து அளவு கொஞ்சம் சிக்கல். மேலே நின்று கயிற்றில் கல்லைக் கட்டி விட்டால் தளத்திலிருந்து தண்ணீர் வரைக்கும்தான் வரும். எங்களுக்கு வேண்டியது வீதித் தளத்துக்குக் கீழே இருக்கிற விட்டத்தின் அடி. ஆகவே மரமில்லாத ஃபைபர் வள்ளத்தில் கீழே போய், லேசர் அளவுகோலை மேல்நோக்கிப் பிடித்து அளந்தேன். மேலிருந்து கீழே அடித்தால் தண்ணீர் அந்த ஒளியை ஒழுங்காகத் திருப்பாது. கீழிருந்து விட்டத்துக்கு அடித்தால் சரியாகக் காட்டும். அளவுகோலைப் பிடித்த கை தண்ணீருக்கு மேலே எவ்வளவு என்பதைக் கூட்டிக்கொள்ளவேண்டும். வந்த இலக்கத்தை இங்கே எழுதமாட்டேன். தண்ணீர் ஏறி இறங்குகிற இடம் அது. என் இலக்கத்தை நம்பி ஒருவர் மரத்தை நிமிர்த்தியபடி போகக்கூடாது.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை நான் தூணில்தான் பார்ப்பேன். தூணைச் சுற்றிச் சிப்பி ஒட்டிக் காய்ந்துபோய் ஒரு வரம்பு இருக்கும். தண்ணீர் வழமையாக எட்டுகிற மேல்மட்டத்தை அது காட்டும். வரம்பிலிருந்து விட்டத்தின் அடி எவ்வளவு என்று ஒருதரம் அளந்து வைத்தால், பிறகு வருகிற நேரமெல்லாம் வரம்பு தண்ணீருக்கு மேலே தெரிகிறதா, தண்ணீருக்குள் மறைந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். எங்கள் கரையில் வத்துக்கும் (கடல் இறங்குவது) பெருக்குக்கும் (கடல் ஏறுவது) இடையில் ஒரு மீற்றர்கூட வராது. அதை வைத்து இங்கே பயமில்லை என்று சொல்லுகிறவர்கள் மாரியை மறந்துவிடுகிறார்கள். மழை விழுந்து ஆறுகள் இறங்குகிற கார்த்திகை, மார்கழியில் கோடையில் எடுத்த அளவு ஒன்றுக்கும் உதவாது. வட்டுவாகலைப் பாருங்கள். பேராறு நந்திக்கடலில் விழ, முல்லைத்தீவுப் பக்கத்து முகத்துவாரம் மண்ணால் அடைபட்டுக் கிடந்தால், வெள்ளம் பழைய பாலத்துக்கு மேலாலேயே ஓடும். 2025 செப்டெம்பரில் அங்கே புதிய பாலத்துக்கு வேலை தொடங்கியது. அதன் கீழ் எவ்வளவு இடைவெளி வரும் என்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆவலாக இருக்கிறது.

மச்சான் இங்கிலாந்தில் நோர்விச்சில் இருக்கிறார். அந்தப் பக்கத்து நோர்போக் புரோட்ஸ் நீர்வழிகளில் வாடகைக்கு வருகிற பாய்ப்படகுகளில் மடிக்கிற மரம் சாதாரணம். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரத்தைச் சரிக்கவும் நிமிர்த்தவும் என்றே கட்டுத்துறை வைத்திருக்கிறார்கள். எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று காட்டுகிற அளவுப் பலகையும் நட்டிருக்கிறார்கள். பொட்டர் ஹெய்கம் என்ற இடத்தில் மத்தியகாலக் கல்வளைவுப் பாலம், பெருக்கு நேரம் நடுவில் ஏறத்தாழ இரண்டு மீற்றர்தான். வாடகை மோட்டார்ப் படகை அதற்குள்ளால் உள்ளூர் வழிகாட்டிதான் ஓட்டிப்போவார், எடுத்தவருக்கு அனுமதியில்லை. கடல் வரைபடத்தில் பாலத்துக்கு எழுதியிருக்கிற உயரமும் நாட்டுக்கு நாடு வித்தியாசம். பிரித்தானிய வரைபடம் மிக உயர்ந்த பெருக்கிலிருந்து கணக்கிடும், அமெரிக்க வரைபடம் சராசரிப் பெருக்கிலிருந்து. அமெரிக்கக் கரையோரக் கால்வாயில் நிலையான பாலங்களுக்கு 65 அடி என்பது பொதுக் கணக்கு. மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் 56 அடிதான். பொதுக் கணக்கை நம்பி உயரமான மரத்தோடு வருகிறவர் அந்த இடத்தில் வெளிக்கடலால் சுற்றத்தான் வேண்டும்.

சரி, பிணைச்சல் இத்தனை காலமும் எப்படி உழைத்தது? வேலை செய்கிறது. ஆனால் கவனிப்பு வேண்டும். அலுமினிய மரத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியையும் உப்புத் தண்ணீர் ஒன்றாக நனைத்தால் அலுமினியம்தான் அரிக்கும். ஆணித் துவாரத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உள்ளே தின்கிறது என்று அர்த்தம். விரலால் தடவினால் சுண்ணாம்புபோல ஒட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நல்ல தண்ணீரால் கழுவிக் கிறீஸ் பூசினால் ஆணி கையால் கழரும். இரண்டு கிழமை விட்டால் சுத்தியல் தேவைப்படும்.

மரத்தைச் சரிக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவரால் செய்யலாம் என்று விளம்பரத்தில் இருந்தாலும். பாயை இறக்கி, குறுக்குத் தடியைக் கழற்றி, முன்பக்க வயரைக் கப்பிக் கயிற்றில் மாட்டி, ஒருவர் படகின் முன்பக்கத்து அணியத்தில் நின்று கயிற்றை மெல்ல மெல்ல விடவேண்டும். மற்றவர் பின்னால் நின்று மரத்தை வாங்கித் தாங்கியில் வைக்கவேண்டும். பக்க வயர்கள் எங்கேயும் கொளுவுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்கவேண்டும். படகு ஆடினால் மரம் பக்கவாட்டில் சரிந்து பிணைச்சலை முறிக்கப் பார்க்கும். அதனால் சோழகம் (தென்மேற்குக் காற்று) பிடிக்கிற பின்னேரத்தில் இந்த வேலையைத் தொடவே மாட்டேன். விடியற்காலை, காற்று எழும்ப முதல்.

கௌதாரிமுனையில் நண்டு வலை போடுகிற அண்ணை ஒருவர், நாங்கள் பாலத்துக்குக் கிட்ட வந்து மரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது வள்ளத்தை நிற்பாட்டிச் சொன்னார்: "தம்பி, ஓட்டம் வெளியாலை இழுக்குது. இஞ்சை நிண்டு யோசிக்காதேங்கோ. அங்காலை தள்ளி நங்கூரத்தைப் போட்டிட்டு ஆறுதலாச் சரியுங்கோ." அதையே நான் இப்போதும் எல்லோருக்கும் சொல்கிறேன். பாலத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கம்பு நட்டுக் கட்டுகிற களங்கட்டி வலைகள் இல்லாத இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, மரத்தைச் சரித்துக் கட்டிவிட்டுத்தான் நகரவேண்டும். முடிந்தால் நீரோட்டத்துக்கு எதிராகப் பாலத்தை நெருங்கவேண்டும். எதிரே ஓட்டம் இருந்தால் எஞ்சினைத் தணித்தாலே படகு நிற்கும். பின்னாலிருந்து தள்ளினால் நினைத்த இடத்தில் நிற்பாட்ட முடியாது. கண்ணால் பார்த்து முடிவெடுப்பதும் சரிவராது. தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு உயரமான பாலமும் மரத்தில் இடிக்கப்போவதாகத்தான் தெரியும். அளவு சரியென்றால் சரி, இல்லையென்றால் இல்லை.

இன்னொரு விசயம் பாலத்தைவிட ஆபத்தானது: மின்கம்பி. படகைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, கரையில் வைத்தே மரத்தை நிமிர்த்துகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. உயரழுத்தக் கம்பிக்கு அலுமினிய மரம் முட்டவே தேவையில்லை, கிட்டப் போனாலே மின்சாரம் பாயும். மரத்தை நிமிர்த்த முதல் அண்ணாந்து பாருங்கள், வண்டியை நகர்த்த முதலும் பாருங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் முதலில் அவர்களை அப்பால் அனுப்புங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் பாலத்தில் இடித்த சேதம் யார் பொறுப்பு என்பதையும் வாசியுங்கள். மற்றச் சேதத்துக்குக் காப்புறுதி கொடுத்து, பாலத்தை மட்டும் விலக்கி வைக்கிற ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வைப்புப்பணம் முழுக்க அதில் போய்விடும்.

வருகிற சோழகத்துக்கும் இதே படகைத்தான் கேட்டிருக்கிறேன். நிலையான மரம் வைத்த கொஞ்சம் பெரிய படகு ஒன்று குறைந்த வாடகைக்கு வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் படகின் சொந்தக்காரரிடம் நான் வைத்த நிபந்தனை, பிணைச்சல் ஆணியைப் புதிதாக மாற்றித் தரவேண்டும், கடதாசியில் 9.3 என்று திருத்தி எழுதவேண்டும். இரண்டுக்கும் ஓம் என்றிருக்கிறார்.