குளோரின் மாத்திரை நல்லதுதான், ஆனால் துணியும் வேண்டும்

ஆற்றுத் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ குடித்தாக வேண்டிய இடங்களுக்கு நான் எடுத்துப் போவது இந்தக் குளோரின் மாத்திரையைத்தான். போட்டுக் கலக்கி அரை மணி நேரம் விட வேண்டும், லேசாக மருந்து வாடை அடிக்கும், அது பழகிவிடும். தெளிந்த தண்ணீரில் நம்பி வாங்கலாம். கலங்கல் தண்ணீரில்தான் சிக்கல். காலரா கிருமி தனியாக மட்டும் மிதப்பதில்லை. கோப்பிபாட் என்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டி உயிரிகளின், கைட்டின் என்ற கெட்டிப் பொருளாலான ஓட்டில் ஆயிரக்கணக்கில் ஒட்டி, படலம் கட்டி வாழ்கிறது, அங்கே குளோரின் அவ்வளவு சுலபமாக எட்டாது. சேறு வேறு குளோரினைத் தின்றுவிடும். நான் வாங்கிய அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இது பெரிய குறை.

அதனால் முதலில் பழைய பருத்திச் சேலையை எட்டு அடுக்காக மடித்து வடிகட்டுங்கள். பங்களாதேஷ் கிராமங்களில் அமெரிக்க நுண்ணுயிரியல் விஞ்ஞானி ரீட்டா கால்வெல்லின் குழு இதைச் செய்து பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. சரி, துணி மட்டும் போதுமா? போதாது, தனியாக மிதக்கும் கிருமி அதில் நிற்காது, அதற்குத்தான் மாத்திரை. அப்புறம் துணியை வடித்த தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.