பச்சை விளக்கை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்: ஜிபிஎஸ் கடிகாரத்துக்குக் கேபிள் இழுக்க ஆள் விடுவோருக்கு

பல்லடம் பக்கம் ஒரு நூல்மில்லில், செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுத்துக் கணினிகளுக்குக் கொடுக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் மாட்டிய வேலையில் நடந்தது இது. கருவியில் எந்தக் குறையும் இல்லை. ஏமாற்று முழுவதும் கேபிளில்தான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் கேமரா மாட்டுகிறவர்களே இந்த வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். மாட்டியவர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. குழாய்க்குள் என்ன கிடந்தது, அது ஏன் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

பில்லில் இருந்தவை: எல்எம்ஆர் 400 என்ற தடித்த, இழப்பு குறைந்த ஆன்டெனா கேபிள் 75 மீட்டர், மின்னல் தடுப்பான் ஒன்று எர்த்திங்குடன், கடிகாரத்திலிருந்து சர்வருக்குப் போகும் ஷீல்டு போட்ட சீரியல் கேபிள் 90 மீட்டர், ஆன்டெனா ஒன்று. பிவிசி பைப்பைப் பிரித்தபோது கிடந்தவை: கேமராவுக்குப் போடும் 3+1 கேபிள் (ஒரு சிக்னல் கேபிளும் மூன்று மின்கம்பியும் ஒரே உறையில்) 48 மீட்டர், நடுவில் இரண்டு ஜாயின்ட், அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப். ஆன்டெனா, கார்களில் ஒட்டும் காந்தக் கட்டை வகை. அதோடு வரும் 5 மீட்டர் மெல்லிய வால் கேபிள் அப்படியே நீட்டப்பட்டிருந்தது. மின்னல் தடுப்பான் இல்லவே இல்லை. நீளத்தைக் கண்டுபிடிக்க அளவு டேப் கூடத் தேவைப்படவில்லை. நல்ல கேபிள் பலவற்றின் உறையிலும் மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருக்கும்; இரண்டு முனையிலும் உள்ள எண்ணைக் கழித்தால் போதும். இதை வேலை நடக்கும் அன்றே செய்திருக்க வேண்டும்.

முதல் மாதம் புகார் சொன்னபோது மாட்டியவரிடமிருந்து வந்த பதில்: "ஏனுங்ண்ணா, லைட்டு பச்சையா எரியுதுங்களே, அப்புறம் என்னங்க குறை?" கருவியின் முகப்பில் விளக்கு பச்சையாக எரிந்தது உண்மை. ஏமாந்ததும் அங்கேதான். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

நேரத்துக்கென்றே செய்த ஜிபிஎஸ் ரிசீவர் முதலில் தான் இருக்கும் இடத்தைப் பல மணி நேரம் அளந்து, சராசரி எடுத்துச் சேமித்துக்கொள்ளும். அந்த அளவைக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும், ஏனென்றால் மூன்று திசையும் நேரமும் சேர்ந்து நான்கு விடை தெரிய வேண்டும். இடம் நிலையாகிவிட்டால் தெரியாதது நேரம் ஒன்றுதான். அதற்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் போதும், விளக்கு பச்சைக்குப் போய்விடும். வேலைக்கு வந்தவர் கருவியை மொட்டை மாடிக்கே தூக்கிப்போய், ஆன்டெனாவை அதன் சொந்த வாலோடு நேராகச் சொருகி, இடம் அளக்க விட்டிருக்கிறார். பிறகு கீழே கொண்டுவந்து நீளக் கேபிளில் மாட்டினார். இரண்டு மூன்று செயற்கைக்கோள் தட்டுத்தடுமாறி வந்தாலும் பச்சை அணையவில்லை. நான்கு மாதம் கழித்துக் கருவியை ஒருமுறை ரீசெட் செய்து பழைய இடம் அழிந்த பின்தான் குட்டு வெளிப்பட்டது. இடம் அளக்கும் வேலை இரண்டு நாள் ஆகியும் முடியவில்லை.

ஆகவே விளக்கைப் பார்க்காதீர்கள், மெனுவுக்குள் செயற்கைக்கோள் பட்டியலைப் பாருங்கள். வானம் திறந்திருந்தால் ஜிபிஎஸ் மட்டுமே எட்டுக்குக் குறையாமல் தெரிவது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிக்னல் வலு டெசிபல்-ஹெர்ட்ஸில் இருக்கும். உச்சியில் இருப்பவை 40க்கு மேல் காட்ட வேண்டும். இங்கே 30ஐத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

இனி கணக்கு. ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் 100 மீட்டர் கேபிளுக்குச் சிக்னல் இழப்பு, டெசிபல் என்ற அலகில், தோராயமாக இப்படி (ஆர்ஜி என்பவையும் கேபிள் வகைகள்தான்): எல்எம்ஆர் 400 என்றால் 17 டெசிபல், நல்ல ஆர்ஜி 6 என்றால் 28, ஆர்ஜி 59 என்றால் 35ஐ ஒட்டி, ஆர்ஜி 58 என்றால் 70க்கு மேல். ஆன்டெனாவின் வாலாக வரும் மெல்லிய ஆர்ஜி 174 மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். இங்கே மாட்டிய ஆன்டெனாவின் உள் பெருக்கம் 28 டெசிபல். வாலில் 6 போயிற்று. 48 மீட்டருக்கு நல்ல ஆர்ஜி 59 போட்டிருந்தாலே 17 போயிருக்கும். 3+1 கேபிளில் இருக்கும் சிக்னல் கேபிள் அதைவிட ஒல்லி, பின்னல் வலையும் இடைவெளி விட்டது, அதனால் இன்னும் கூடுதல். எவ்வளவு சாதகமாகப் போட்டாலும் மிஞ்சியது 5. ரிசீவர் வாசலில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். பல கருவிகள் 15 முதல் 30 வரை கேட்கின்றன. இது அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

மனசு ஆறாத விஷயம் என்னவென்றால், இந்த 48 மீட்டருக்கு எல்எம்ஆர் 400 தேவையே இல்லை. டிடிஎச் டிஷ்ஷுக்குப் போடும் நல்ல ஆர்ஜி 6 போதும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை; 1575 அதற்குள் அடக்கம். இழப்பு 14, கனெக்டருக்கு ஒன்றோ இரண்டோ. 38 அல்லது 40 டெசிபல் ஆன்டெனா மாட்டினால் 22க்கு மேல் மிஞ்சும். ஆர்ஜி 6 போன்ற 75 ஓம் கேபிளை 50 ஓம் கருவியில் மாட்டலாமா என்று பலர் தயங்குவார்கள். பொருத்தக்குறைவால் போவது 0.2 டெசிபலுக்கும் குறைவு, தாராளமாக மாட்டலாம். நேர்மையாக மலிவான கேபிளைப் போட்டு, கணக்குப் பார்த்து ஆன்டெனாவைத் தேர்ந்திருந்தால் அவருக்கும் லாபம் நின்றிருக்கும், மில்லுக்கும் நேரம் ஓடியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையான ஆளிடமும் சண்டை போடுவீர்கள். ஆர்ஜி 6 நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். இரும்பின் மேல் தாமிரம் பூசிய கம்பி ஆர்ஜி 6இல் சகஜம். இந்த அலைவரிசையில் மின்னோட்டம் மேல்தோலில் 2 மைக்ரானுக்கும் குறைவான ஆழத்தில்தான் ஓடுகிறது, உள்ளே என்ன இருந்தாலும் சிக்னலுக்கு ஒன்றுதான். ஆன்டெனாவின் பெருக்கி ஓடுவதற்காகக் கருவியிலிருந்து இதே கேபிளில் போகும் 5 வோல்ட்டும் 30 மில்லிஆம்பியர் அளவே என்பதால் பெரிதாக விழாது. அசல் எல்எம்ஆர் 400இன் நடுக்கம்பியே அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதுதான். அதை அடையாளம் காண எளிய வழி தடிமன். எல்எம்ஆர் 400 பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஆர்ஜி 6 ஏழுக்குச் சற்றுக் கீழ், ஆர்ஜி 58 ஐந்து. பில்லில் 400 என்று போட்டுக் கையில் பத்து மில்லிமீட்டரைவிட ஒல்லியாக ஒன்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

புகார் இரண்டாம் முறை போனபோது அவர் செய்ததுதான் மோசத்திலும் மோசம். "சிக்னல் பத்தலைங்க" என்று சொல்லி, கேபிள் டிவி பூஸ்டர் ஒன்றை நடுவில் மாட்டி, அதற்குத் தனிப் பில்லும் போட்டார். கேபிள் டிவி பூஸ்டர் 862 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 1575 உள்ளேயே போகாது. ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய 5 வோல்ட்டையும் அது தடுத்துவிடும். கருவி உடனே ஆன்டெனா இணைப்பு அறுந்தது என்று அலாரம் அடித்திருக்கிறது. அலாரத்தை நிறுத்த, கருவியின் பின்னால் டீ கனெக்டர் போட்டு அதற்குள் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி வைத்தார். 5 வோல்ட்டுக்கு அதில் 23 மில்லிஆம்பியர் ஓடும்; ஆன்டெனா நலமாக இருக்கிறது என்று கருவி நினைத்துக்கொள்ளும். செயற்கைக்கோள் எதுவும் இல்லாமல், உள்ளே கருவி தன் சொந்தக் கடிகாரப் படிகத்தின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாடலில் அந்த நிலையிலும் முகப்பு விளக்கு சில மணி நேரம் பச்சையாகவே நிற்கும். உங்கள் கருவியின் பின்னால் கேபிளைத் தவிர வேறு ஏதாவது டீ, கட்டை, டப்பா தொங்கினால் கழற்றிப் பாருங்கள். ஆன்டெனா முனையைக் கழற்றிவிட்டும் அலாரம் வரவில்லையென்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

உண்மையாகவே பெருக்கி வேண்டுமென்றால் ஜிபிஎஸ் அலைவரிசைக்கான லைன் ஆம்ப்ளிஃபயர் தனியாகக் கிடைக்கிறது. அதைக் கருவியின் பக்கம் வைக்காமல் ஆன்டெனாவின் பக்கம் வையுங்கள். கேபிளில் தேய்ந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். டிடிஎச் பூஸ்டரும் உதவாது, அது 13 அல்லது 18 வோல்ட் கேட்கும். டிடிஎச் பெட்டியோடு ஜிபிஎஸ் ஆன்டெனாவைத் தவறிக்கூடச் சேர்க்காதீர்கள், அந்த வோல்ட்டில் ஆன்டெனா கருகிவிடும்.

கேபிள் தாமதத்தைப் பற்றி, அதாவது சிக்னல் கேபிளைக் கடக்க ஆகும் நேரத்தைப் பற்றி, சுருக்கமாக. ஆர்ஜி 6இல் மீட்டருக்கு 4 நானோவினாடி, 48 மீட்டருக்கு 190ஐ ஒட்டி வரும். கருவி மெனுவில் கேபிள் தாமதம் என்று ஓர் இடம் இருக்கும், அங்கே போட வேண்டும். என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியாகக் கணினிகளுக்கு நேரம் கொடுக்கும் முறை, அதை மட்டும் ஓட்டுகிறவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அடுத்தது சீரியல் கேபிள். கடிகாரம் மில் கட்டடத்தில், சர்வர் ஆபீஸ் கட்டடத்தில், நடுவே 90 மீட்டர். அவர் போட்டது தாமிரம் பூசிய அலுமினியக் கேட் 6 நெட்வொர்க் கேபிள், இரண்டு முனையிலும் மலிவான ஒன்பது பின் அடாப்டர், நேரடியாக ஆர்எஸ் 232 என்ற பழைய சீரியல் இணைப்பு முறை. அதன் பழைய வரம்பு 15 மீட்டர். பின்னால் வந்த விதி கேபிளின் மொத்தக் கொள்ளளவு 2500 பிக்கோஃபாரடைத் தாண்டக் கூடாது என்கிறது. கேட் கேபிள் மீட்டருக்கு 50 பிக்கோஃபாரடு அளவில் இருப்பதால் 50 மீட்டரோடு கணக்கு முடிந்துவிடும். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் 90 மீட்டரும் தட்டித்தடவி ஓடத்தான் செய்தது, ஆனால் கார்டிங் இயந்திரம் ஓடும் நேரத்தில் எழுத்துகள் சிதைந்தன. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனிப் பேனல், தனித்தனி எர்த். இரண்டு எர்த்துக்கும் இடையே இருந்த வோல்ட் வித்தியாசத்தால் மின்னோட்டம் இந்தக் கேபிளின் தரைக்கம்பி வழியாகத்தான் பாய்ந்தது.

அதைவிடப் பெரிய குறை, 2, 3, 5 என்ற மூன்று பின்னை மட்டும் இணைத்துவிட்டு ஒன்றாம் பின்னை விட்டுவிட்டார். வினாடிக்கு ஒரு துடிப்பு, அதாவது பிபிஎஸ், வர வேண்டிய வழி அதுதான். அது இல்லாமல் சர்வர், கடிகாரம் எழுத்தாக அனுப்பும் நேர வாக்கியத்தை மட்டும் படித்து நேரம் வைத்தது. வாக்கியம் வினாடி பிறந்து நூற்றுக்கணக்கான மில்லிவினாடி கழித்து வரும், ஒவ்வொரு முறையும் வேறு அளவில் வரும். இவ்வளவு செலவழித்து ஜிபிஎஸ் வாங்கிவிட்டு, இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் நேரத்தைவிட மோசமான நேரம்! பணம் கொடுக்கும் முன் சர்வரில் பிபிஎஸ்டெஸ்ட் கட்டளையை ஓடவிட்டு, வினாடிக்கு ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள்.

இந்தத் தூரத்துக்கு, ஒவ்வொரு சிக்னலையும் ஒரு ஜோடிக் கம்பியில் அனுப்பும் ஆர்எஸ் 422 முறைதான் வழி. வாக்கியத்துக்கு ஒரு ஜோடி, துடிப்புக்கு ஒரு ஜோடி, தூர முனையில் மட்டும் ஜோடிக்கு ஒரு 100 அல்லது 120 ஓம் ரெசிஸ்டர். கட்டடம் மாறினால் ஐசோலேஷன் உள்ள, அதாவது இரண்டு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரிக்கும் கன்வெர்ட்டர். துடிப்பு ஜோடியில் இரண்டு கம்பியும் இடம் மாறினால் எல்லாம் சரியாக ஓடுவது போலவே இருக்கும், ஆனால் சர்வர் துடிப்பின் முடிவைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். துடிப்பு 100 மில்லிவினாடி அகலம் என்றால் நேரம் சரியாக 100 மில்லிவினாடி பிசகி நிற்கும். யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகத் துடிப்பை எடுக்காதீர்கள், யூஎஸ்பி கேட்கும் இடைவெளியிலேயே ஒரு மில்லிவினாடி வரை ஆடும். மில்லில் கடைசியில் செய்தது இதைவிட எளிது: என்டிபி பெட்டியைக் கடிகாரத்தின் பக்கத்திலேயே வைத்து, இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஃபைபர். எர்த் சண்டையும் இல்லை, இடி பயமும் இல்லை.

இடி என்றதும், சித்திரை வைகாசி மழையும் ஐப்பசி மழையும் நம் பக்கம் இடியோடுதான் வரும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஆன்டெனாவுக்குப் போகும் 5 வோல்ட் டிசியைக் கடத்தும் வாயுக்குழாய் வகைத் தடுப்பானை மாட்டி, தடித்த கம்பியால் கட்டடத்தின் அதே எர்த்தோடு சேர்க்க வேண்டும். இதற்கென்று தனியாகக் குழி தோண்டினால் மறுபடி இரண்டு எர்த் சண்டை. நுழைவுக்கு முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். வெயிலில் கிடக்கும் கேபிளுக்குக் கறுப்புப் பாலிஎதிலீன் உறை வேண்டும். வெள்ளை உறை வெடித்து, பின்னல் வலை வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கனெக்டர் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுங்கள்.

விற்க வருகிறவர் "கவர்மென்ட் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டாயம் ஆக்கிட்டாங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட, 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு சொல்வது, என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வருடனோ அவற்றோடு ஒத்துப்போகும் சர்வருடனோ கணினிகளின் நேரத்தைப் பொருத்த வேண்டும் என்பதைத்தான். ஜிபிஎஸ் வாங்கச் சொல்லவில்லை.

வேலை ஆர்டரில் எழுதி வாங்க வேண்டியவை: கேபிளின் பெயரும் உறையில் அச்சிட்ட தொடக்க, முடிவு மீட்டர் எண்களும், ஆன்டெனாவின் பெருக்கம், நடுவில் ஜாயின்ட் இல்லை என்ற ஒரு வரி, பைப்பை மூடும் முன் எடுத்த படங்கள். பாக்கிப் பணத்தை, கருவி கீழே தன் நிரந்தர இடத்தில் நீளக் கேபிளோடு இருக்கும்போது பழைய இடத்தை அழித்துவிட்டு, அவர் கண்ணெதிரே மறுபடி இடம் அளந்து முடித்த பிறகு கொடுங்கள். மொட்டை மாடியில் அளந்து காட்டுவது செல்லாது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.