மாலை 4 முதல் 8 வரை: சென்னைப் புறநகர் நலவாழ்வு மையங்களில் என்ன கிடைக்கும், எது கிடைக்காது

2023 ஜூனில் தமிழகத்தில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. இதில் மாலை நான்கு மணி நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதற்கு முன் சர்க்கரை மாத்திரை வாங்கவே மாதம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் காலை ஓபி வரிசையில் நிற்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் மறைமலை நகரிலும் ஜெனரல் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இந்த நேரம் உண்மையிலேயே பெரிய உதவி.

தொடர்ந்து போய்வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போர்டில் 8 மணி என்று இருந்தாலும் டாக்டர், மாத்திரை, ரத்தப் பரிசோதனை மூன்றும் 8 வரை கிடைக்கும் என்று பொருளில்லை.

நன்றாக நடப்பது மாத்திரை விஷயம். பிரஷருக்கு அம்லோடிபைன், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின் போன்றவை மாலையிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓபி நோட்டும் பழைய அட்டையும் கையில் இருந்தால் செவிலியர் பிரஷர் பார்த்து, விரலில் குத்தி சர்க்கரை பார்த்து, டாக்டரிடம் அனுப்ப அதிக நேரம் ஆகாது. கூட்டம் ஆறரைக்கு மேல்தான் சேரும். பாரிமுனையில் 6 மணிக்கு வேலை முடிந்து, மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்தால் மையத்துக்குள் நுழைய ஏழரை ஆகிவிடும். அந்த நேரத்தில் பதிவை நிறுத்திவிடும் இடங்களும் உண்டு. அதனால் மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே போய்விடுங்கள். ஒருநாள் தவறினாலும் இடைவெளி விழாது. ஒரு மாத்திரை இருப்பில் இல்லை என்றால் அதை நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க அது உதவும்.

சிக்கல் ரத்தப் பரிசோதனையில்தான். பல மையங்களில் ரத்தத்தை எடுத்து வைப்பார்கள். பரிசோதிப்பது பெரிய நிலையத்தின் ஆய்வகத்தில். மாதிரிகளை எடுத்துப்போவது பெரும்பாலும் காலையில் ஒரு தடவைதான். குழாயில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்தால், செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். மாலை 7 மணிக்கு எடுத்து மறுநாள் காலை பார்த்தால் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாகப் பொய்யான ரிசல்ட் வரும். ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் இதைப் பெருமளவு தடுக்கும். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதால் மாலை எப்படியும் பொருந்தாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அப்படியல்ல. சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம், ஊதா மூடிக் குழாயில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை ஒன்றும் ஆகாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் இதை எடுக்கக் கேட்பதே சரி. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு, முந்தின இரவு 10 மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, காலை 8 மணிக்கு முதல் ஆளாக நின்றால் 9 மணிக்குள் வேலைக்குக் கிளம்பிவிடலாம்.

நாய்க்கடி ஊசிக்கும் மாலை நேரம் கைகொடுக்கிறது. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 என நான்கு நாட்கள். ஒரு குப்பி மருந்தைப் பலருக்குப் பிரித்துப் போடுவார்கள், திறந்ததைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும் என்பதால், ஏழரை மணிக்கு ஒற்றை ஆளாகப் போனால் “காலையில வாங்க” என்று சொல்லக்கூடும். மூன்றாம், ஏழாம் நாள் ஊசிக்கு முடிந்தவரை 5 மணிக்கே போய்விடுங்கள். கடித்த அன்று போடும் முதல் ஊசியை மட்டும் தள்ளிப்போட ஒப்புக்கொள்ள வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளம்புங்கள். ரத்தம் வரும் கடியென்றால், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. அதற்கு நேரே பெரிய மருத்துவமனைதான்.

நெஞ்சுவலிக்கு 108. ஆனால் நடந்து போகும் தூரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருந்தால், 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி அங்கே 14 மாத்திரைகள் உடனே தருவார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாடின் 8. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவை உள்ளே போவது உயிரைக் காக்கும். மாலை 8 மணிக்குப் பிறகு புறநகரில் இந்த வசதி சுருங்கிவிடுவதுதான் பெரிய கவலை.

நேரத்தை இன்னும் நீட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் 8-ஐ 9 ஆக்குவது போர்டுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை இல்லை. ஒரே டாக்டர் காலையும் மாலையும் வருகிறார். நடுவில் நான்கு மணி நேரம் வீட்டுக்குப் போய்வரவும் முடியாது, ஓய்வும் இல்லை. செவிலியர் பணிக்கு வந்த ஒப்பந்த அறிவிப்புகளில் தொகுப்பூதியம் மாதம் 18,000 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு இரவு 8 மணிக்கு மேல் பஸ் தேடும் ஒரு பெண் எத்தனை மாதம் நீடிப்பார்? ஆள் மாறினால் முதலில் அடிவாங்குவது மாலை நேரம்தான். ஆகவே வார்டு கவுன்சிலரிடமோ மாநகர நல அலுவலரிடமோ மனு கொடுப்பவர்கள் மூன்றைக் குறிப்பாக எழுதுங்கள்: மாலைக்குத் தனி டாக்டர், மாலை 6 மணிக்கு மாதிரி எடுத்துப்போக இரண்டாவது நடை, ஏழரை மணிக்கு வருபவருக்கும் பதிவு.