பிளான்ட்யூஎம்எல்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிபவை

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் டிசைன் (நிரலைப் பொருள்களாகப் பிரித்து வடிவமைப்பது) படிப்பவர்கள் கிளாஸ் டயகிராமை, அதாவது பொருள் வகைகளையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் படத்தை, மவுஸால் பெட்டி இழுத்துப் பழகினால், பாதி நேரம் கோடுகளை நேராக்குவதிலேயே போய்விடும். பிளான்ட்யூஎம்எல் என்ற கருவியில் அந்த வேலையே கிடையாது. எந்த கிளாஸுக்கு எதனோடு என்ன உறவு என்று வரி வரியாக எழுதினால் போதும், படத்தை அதுவே போட்டுக்கொள்ளும். 2009 முதல் இருக்கும் இலவச ஓப்பன் சோர்ஸ் கருவி இது. பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்ற முடிவு நம் கையில் இல்லை. இதன் பலமும் அதுதான், எரிச்சலும் அதுதான்.

நிறுவுவது எளிது: ஜாவா, ஒரு ஜார் கோப்பு. சீக்வென்ஸ் டயகிராமுக்கு (யார் யாரை எந்த வரிசையில் அழைக்கிறார்கள் என்ற படம்) இவ்வளவே போதும். கிளாஸ் டயகிராமில் பெட்டிகளை அடுக்கித் தருவது கிராஃப்விஸ் என்ற வேறொரு மென்பொருள். அதை நிறுவ அனுமதியில்லாத அலுவலகக் கணினியில் கோப்பின் தலைப்பகுதியில் ஒரு பிராக்மா வரி (கருவிக்கான அமைப்பு வரி) எழுதி, லேஅவுட்டை, அதாவது அடுக்கும் வேலையை, ‘ஸ்மெட்டானா’வுக்கு மாற்றிவிடலாம், ஜாவாவுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும்.

கற்றலுக்கு இது எப்படி உதவுகிறது என்பதற்குப் பேருந்து முன்பதிவு நல்ல உதாரணம். முதல் முயற்சியில் எல்லோரும் எழுதுவது: பேருந்து, அதன் இருக்கைகள், ஒவ்வோர் இருக்கையிலும் ‘பதிவானதா’ என்ற பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு). பேருந்துக்கும் இருக்கைக்கும் நடுவே *-- போட்டால் கம்போசிஷன், அதாவது முழுமைக்கும் அதன் பகுதிக்கும் உள்ள உறவு. நட்சத்திரம் முழுமையின் பக்கம், அதாவது பேருந்தின் பக்கம் வர வேண்டும். இடம் மாறினால் கருவி எச்சரிக்காது, தலைகீழ்ப் படத்தை அழகாகவே வரைந்து கொடுக்கும்.

பூலியனில் உள்ள தவறு, எத்தனைக்கு எத்தனை என்ற எண்ணிக்கையைக் கோட்டின் முனைகளில் எழுதும்போதுதான் பிடிபடும். அதே பேருந்து இன்றிரவு சென்னையிலிருந்து மதுரைக்குப் போய், நாளை இரவு திரும்புகிறது. 12ஆம் இருக்கை இன்றைக்கு நிரம்பியது, நாளைக்குக் காலி. அப்படியானால் அந்தத் தகவல் இருக்கையுடையது அல்ல. ‘பயணம்’ என்று தனி கிளாஸ் சேர்த்தால், பயணத்துக்கும் இருக்கைக்கும் நடுவே இரு முனையிலும் "*" (‘பல’ என்று பொருள்) வந்து நிற்கும். அப்படி வந்தாலே இடையில் ஒரு கிளாஸ் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே விட்டுப்போனது ‘பதிவு’. பயணம் "1" -- "0..*" பதிவு, பதிவு "0..*" --> "1" இருக்கை என்று எழுதியதும் தெளிந்துவிடும். ஒரு பயணத்தில் ஓர் இருக்கைக்கு நடப்பில் ஒரே பதிவுதான் என்ற விதியை இந்தக் கோடுகள் சொல்லாது. அதை நோட்டாக எழுதி ஒட்ட வேண்டும்.

இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸின் தன்மைகளை இன்னொன்று பெறுவது) இன்னொரு பொறி. <|-- எழுதுவது சுலபம் என்பதால் ஏசி பேருந்து, ஸ்லீப்பர் பேருந்து என்று பிள்ளை கிளாஸ்கள் பெருகும். ஏசி ஸ்லீப்பர் வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். இருக்கை அமைப்பையும் குளிர்சாதன வசதியையும் பேருந்துக்குள் இருக்கும் தனித்தனிப் பண்புகளாக வைப்பதே மேல்.

கிளாஸ் டயகிராமைவிட சீக்வென்ஸ் டயகிராமில்தான் இந்தக் கருவி உண்மையில் கைகொடுக்கிறது. ஒரே இருக்கையை இருவர் தொடுகிறார்கள்; ஒருவருக்குத் தற்காலிகமாக ஒதுக்கியாயிற்று; பணம் போய்விட்டது, ஆனால் வங்கியின் பதில் ஒதுக்கீட்டுக் கெடு முடிந்தபின் வருகிறது. ‘ஆல்ட்’, ‘எல்ஸ்’ (இப்படி நடந்தால், இல்லையென்றால்) கிளைகளில் இதை எழுதினால் பணத்தைத் திருப்பும் மெத்தட் (கிளாஸ் செய்யும் செயல்) எந்த கிளாஸிலும் இல்லை என்பது உடனே தெரியும். ஒவ்வோர் அம்பும் யாரிடம் போகிறதோ அந்த கிளாஸில் அதே பெயரில் மெத்தட் இருக்கிறதா என்று சரிபாருங்கள். எல்லா அம்பும் ‘பதிவு மேலாளர்’ ஒருவரிடமே போய்ச் சேர்ந்தால், மற்ற கிளாஸ்கள் வெறும் டேட்டா பைகள்.

இனி தலைவலிகள். அம்பில் ஒற்றைக் கோடு (-) போட்டால் பெட்டிகளைப் பக்கவாட்டிலும், இரட்டைக் கோடு (--) போட்டால் மேலும் கீழுமாகவும் வைக்கும். முதலில் இதை மட்டும் மாற்றிப் பாருங்கள். இடது, வலது என்று எல்லா அம்பிலும் திசை எழுத ஆரம்பித்தால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கோணும். கோடுகளை ‘ஆர்த்தோ’வாக்கினால் (செங்கோணத்தில் மட்டும் திரும்பும்படி வைத்தால்) பார்க்க ஒழுங்கு, ஆனால் கோட்டின் மேலுள்ள எழுத்துகள் யாருடையவை என்றே தெரியாமல் விலகி நிற்கும். பெட்டிகள் இருபதைத் தாண்டினால் போராடாமல் படத்தைப் பிரித்துவிடுங்கள்; அது பெரும்பாலும் டிசைனுக்கும் நல்லது. பெரிய பிஎன்ஜி படம் 4096 பிக்சலில் வெட்டுப்படும். சுற்றுச்சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) வரம்பை உயர்த்தலாம், எஸ்விஜிக்கு (பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத பட வடிவம்) மாறுவது இன்னும் நல்லது.

பிளான்ட்யூஎம்எல்லின் பொது இணைய சர்வரில் படம் வரையும்போது உங்கள் உரை முழுவதும் சுருக்கப்பட்டு யூஆர்எல்லிலேயே போகிறது. அது மறையாக்கம் அல்ல, யாரும் விரித்துப் படிக்கலாம். நிறுவன டிசைனை அங்கே ஒட்டாதீர்கள். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பொதியாக ஓட்டும் கருவி) சொந்த சர்வர் ஓட்ட முடியும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு: பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி, ‘ஆஸ்’ போட்டு ஆங்கிலக் குறும்பெயர் கொடுத்துவிட்டால் சிக்கல் குறைவு. கட்டளையில் எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள், இல்லையென்றால் விண்டோஸில் குப்பை எழுத்து வரலாம். கட்டம் கட்டமாக வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஃபான்டை நிறுவி, இயல்பு ஃபான்டாகக் குறிப்பிடுங்கள். எஸ்விஜி கோப்பில் எழுத்தின் அகலம் உங்கள் கணினியின் ஃபான்டை வைத்து எழுதப்படுகிறது. பார்ப்பவரிடம் அந்த ஃபான்ட் இல்லையென்றால் எழுத்துகள் இழுபட்டோ நெருங்கியோ தெரியும். அப்படிப்பட்டவருக்கு பிஎன்ஜியாகவே அனுப்புங்கள்.