கொயோட்டிக்கு 55 கிரெயினா, 69 கிரெயினா?

.223 தோட்டா போடும் ரைஃபிளில் கொயோட்டி (வட அமெரிக்கக் காட்டு நாய் இனம்) வேட்டைக்கு எந்தக் குண்டு என்று கேட்டால் நான் ஹார்னடி நிறுவனத்தின் 55 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) வி-மேக்ஸ் பக்கம்தான். சிவப்பு பிளாஸ்டிக் முனை, மெல்லிய செம்புத் தோல். பட்டதும் உள்ளேயே சிதறிவிடும், அதனால் விலங்கின் தோலில் பெரும்பாலும் பெரிய ஓட்டை விழாது, தரையில் பட்டுத் தெறிக்கும் பயமும் குறைவு. தோள் எலும்பில் பட்டால் மட்டும் ஆழமாக இறங்காமல் மேலேயே வெடித்துவிடலாம், அது ஒரு தொல்லை.

சியரா நிறுவனத்தின் 69 கிரெயின் மேட்ச்கிங்? காகித இலக்கில் அழகாகக் குவியும், அமெரிக்காவின் வயோமிங் மாநிலப் புல்வெளிக் காற்றிலும் அவ்வளவாக விலகாது, சரி. ஆனால் அது போட்டிக் குண்டு, வேட்டைக்கு வேண்டாம் என்று தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். அப்புறம் குழலின் முறுக்கை, அதாவது குண்டைச் சுழற்றிவிட உள்ளே வெட்டியிருக்கும் சுருள் பள்ளத்தைப் பாருங்கள்: 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 நேராகப் போகும், 69 போதுமான சுழற்சி இல்லாமல் தள்ளாடிப் போய் அட்டையில் சாவித்துளை மாதிரி நீள ஓட்டை போடும். 200 கஜத்துக்குள் சுடுகிறவருக்கு இந்த வம்பு எதற்கு?