மகனை ஓதப் போட்ட மத்ரஸா: 3 வருட அனுபவம்

வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதி 'பாகவி' பட்டம் வாங்கிய எங்கள் ஊர் இமாம்தான் இந்த மத்ரஸாவைச் சொன்னார். ஆலிம் (மார்க்க அறிஞர்) படிப்பு 7 வருடம்; மகனுக்கு 3 முடிந்திருக்கிறது. நஹ்வு, ஸர்ஃபு என்ற அரபி இலக்கணப் பாடங்களில் குறையே சொல்ல மாட்டேன். வியாழன் இரவு பேச்சு மன்றம். முதல் பயானில் (மார்க்கப் பேச்சில்) மகன் கை நடுங்கிக் குறிப்புச் சீட்டைக் கீழே போட்டுவிட்டானாம். ஹஜ்ரத் (ஆசிரியர்) சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாராம்.

கஃபன், அதாவது இறந்தவருக்குத் துணி சுற்றும் பயிற்சி அபாரம். சுருட்டிய பாயை மய்யித்தாக (இறந்தவர் உடலாக)க் கிடத்தி, ஆணுக்கு 3 துணி, பெண்ணுக்கு 5 என்று சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். சரி, மய்யித்து வீட்டில் அழுகிற தாயிடம் என்ன பேசுவது? ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை எப்படித் தேற்றுவது? அதற்கு வகுப்பே இல்லை. கேட்டால், "பள்ளிவாசலுக்கு வேலைக்குப் போனால் தானாக வரும்" என்கிறார்கள். வருமா? அப்புறம், சால்னா வெறும் தண்ணீர்.