பத்து லிட்டர் பீருக்கு ஒரு சிறிய அமைப்பு: கொதிக்கவைக்கும் பாத்திரத்தைவிட நொதிகலனுக்கே முதலிடம்

வீட்டில் இடம் குறைவாக இருப்பவர்கள் பீர் தயாரிக்க முனையும்போது, பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பம்பு, ஹீட்டர், தெர்மோஸ்டாட் அனைத்தும் ஒரே உடலில் அமைந்த மின்சார இயந்திரம் ஒரு வழி. பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம், தானியத்தை இட்டு வெந்நீரில் ஊறவைக்கும் பை, இண்டக்‌ஷன் அடுப்பு என்னும் எளிய கூட்டு மற்றொரு வழி. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் போதும் என்பவர்களுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். அதில் மிச்சமாகும் பணத்தை நொதித்தலின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவதில் செலவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிரெய்ன்ஃபாதர் ஜி30, ப்ரூஜில்லா போன்ற இயந்திரங்களின் சிறப்பு உண்மையானது. முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் இரு நொதிகளில் ஒன்று 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரையிலும், மற்றொன்று 70 டிகிரியை ஒட்டியும் நன்றாக வேலை செய்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, 66 டிகிரியில், ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்தி வைப்பதையும், மால்ட் ஊறிய இனிப்புச் சாறான வோர்ட்டைத் தானியத்தின் மீது மீண்டும் மீண்டும் சுழற்றுவதையும் இவை தாமாகவே செய்கின்றன. ஆனால் ஜி30 ஏறத்தாழ 23 லிட்டர் பீருக்காக வடிவமைக்கப்பட்டது. அந்த அளவுக்கான கலனில் பத்து லிட்டர் மட்டும் செய்யும்போது தானியப் படுகை மெலிந்துபோகிறது. துளைத்தட்டுக்குக் கீழே தேங்கும் நீரும் விகிதத்தில் பெரிதாகிவிடுகிறது. முழு அளவில் செய்தாலோ, பீரை நொதிக்க வைக்கும் நொதிகலன் 25 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கி வைக்கும் இடமும் உதவிக்கு ஓர் ஆளும் தேவைப்படும் என்றால், அந்த அமைப்பைச் சிறியது என்று அழைப்பதில் பொருளில்லை.

தனக்கென்றே செய்யப்பட்ட பொட்டலங்களை மட்டும் ஏற்கும் இயந்திரங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய கருவிகளுக்குப் பெயர்பெற்ற பிகோப்ரூ நிறுவனம் 2020-இல் முடங்கியபோது, பொட்டலங்களின் வரத்தும் அதனுடனேயே நின்றுபோனது. எந்தக் கடையின் மால்ட்டையும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களையும் ஏற்கும் அமைப்புதான் நீண்ட நாள் நிற்கும்.

பை முறைக்கு வருவோம். பத்து லிட்டர் பீர் என்றதும் பன்னிரண்டு லிட்டர் பாத்திரம் போதுமென்று தோன்றும்; கணக்கு வேறு. இரண்டரைக் கிலோ மால்ட் ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு மணி நேரக் கொதியில் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும், அடியில் தங்கும் கசண்டோடு இன்னும் அரை லிட்டர் போகும். எனவே தொடக்கத்திலேயே சுமார் பதினைந்து லிட்டர் நீர் வேண்டும். தானியத்தின் கன அளவையும் பொங்குவதற்கான இடைவெளியையும் சேர்த்தால் இருபது லிட்டர் பாத்திரமே பொருத்தமானது. அதன் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. 2000 வாட் அடுப்பு இந்த அளவை நன்றாகவே கொதிக்க வைக்கிறது. பாத்திரத்தைத் தடித்த போர்வையால் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் குறையும் ஓரிரு டிகிரி சுவையைக் கெடுப்பதில்லை. பையைத் தூக்கி மேலே ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால், தேன்நிற வோர்ட் முதலில் தாரையாகவும் பிறகு சொட்டுச்சொட்டாகவும் வடியும். அது வடிந்து முடிவதற்குள் அடுப்பின் வேகத்தைக் கூட்டிவிடலாம். கொதித்து முடிந்ததைக் குளிர்விக்கச் செப்புச் சுருள்கூடத் தேவையில்லை, பனிக்கட்டி இட்ட தொட்டி நீரே போதும். சிறிய அளவில் செய்வதன் பெரிய வசதி இதுதான்.

இனி நொதித்தல். பீரின் சுவை பெரும்பகுதி இங்கேதான் முடிவாகிறது என்பதால், வாங்கும் முன் அதிக நேரம் யோசிக்க வேண்டிய இடமும் இதுவே. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. அதனால் கலனுக்குள் இருக்கும் வெப்பநிலை அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். ஏல் என்னும் பீர் வகைக்கான ஈஸ்ட்கள் பலவற்றுக்கு 18 முதல் 20 டிகிரி உகந்தது. முதல் மூன்று நாட்களில் அது 25-ஐத் தாண்டிவிட்டால், தொண்டையில் சுள்ளென்று எரியும் கனத்த ஆல்கஹால்கள் உருவாகின்றன. எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் அந்தச் சுவை முழுமையாகப் போவதில்லை. இதற்கு நல்ல தீர்வு ஒரு சிறிய குளிர்பெட்டியும், அதன் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் தனி வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும்தான். அதன் உணரியைப் பெட்டிக்குள் காற்றில் தொங்க விடாமல், கலனின் பக்கச் சுவரில் ஒட்டி, மேலே ஒரு துண்டு பஞ்சுத் தகட்டை வைத்து மூடினால், அது காற்றின் வெப்பநிலையை அல்லாமல் பீரின் வெப்பநிலையைக் காட்டும்.

கலனை வாங்கும் முன் பெட்டியின் உட்புறத்தை அளந்துகொள்ளுங்கள். பின்புறத்தின் அடியில் கம்ப்ரெஸருக்காக ஒரு மேடு இருக்கும். மேலே, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக்கின் உயரத்துக்கும் இடம் விட வேண்டும். அழகான கூம்பு வடிவ ஸ்டீல் கலன்கள் பலவும் இந்த ஒரு காரணத்தாலேயே சிறிய வீட்டுக்குப் பொருந்தாமல் போகின்றன. நுரை எழும்ப இடம் வேண்டும் என்பதால், பத்து லிட்டருக்குப் பதின்மூன்று, பதினான்கு லிட்டர் கொள்ளும் உணவுத்தர பிளாஸ்டிக் வாளி சரியாக இருக்கும். அதை முரட்டு நாரால் தேய்க்கக் கூடாது, கீறல்களில் கிருமிகள் தங்கிவிடும். குழாய் இருந்தால் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவத் தேவையில்லாத அமிலவகைக் கிருமிநீக்கி இந்தப் பட்டியலில் தவிர்க்க முடியாத பொருள்.

திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் அப்படியே. தொடக்கத்தில் 1.050 காட்டியது 1.010-இல் நின்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கி ஆல்கஹால் சுமார் 5.2 சதவீதம் என்று அறியலாம். அதைவிட முக்கியமாக, சில நாட்கள் அதே எண் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும். நொதித்தல் முடியாமல் அடைத்த பாட்டில் வெடிக்கக்கூடும். அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை நுரைக்குப் போதுமானது. வீட்டில் பீர் தயாரிப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், பொருள்களை வாங்கும் முன்பே அதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

பத்து லிட்டர் என்பது 330 மில்லி பாட்டில்கள் முப்பது. அவற்றுக்கான அலமாரியையும் இடக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து லிட்டர் சிறு கெக் (பீர் பீப்பாய்) இரண்டு வாங்கினால் பாட்டில் கழுவும் வேலை மறையும் என்றாலும், அவை அதே குளிர்பெட்டியை அடைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் பீர் தீரும் வரை அடுத்த தொகுதியை நொதிக்க வைக்க முடியாது. பெட்டி ஒன்றே ஒன்று என்றால், பாட்டில்களோடு இருப்பதே நல்லது.